படிகளுக்கு இரண்டு

இரவு பதினொன்றரை. லெர்விக்கில் ஜூன் மாதம்
விளக்குப் போட வேண்டியதில்லை.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம்
பாதி தூங்கியும் தூங்காமலும் கிடக்கிறது.
திரையில் இருநூற்றுப் பதினோராவது விடைத்தாள்.
கேள்வி ஒன்பது. எனக்கு ஒதுக்கியது அது ஒன்றுதான்.

கூண்டில் வளரும் சால்மன் மீன்.
வாரம் ஒரு மருந்துக் குளியல்:
ஒட்டியிருக்கும் பேன்களில் நூற்றுக்கு முப்பது உதிரும்.
அடுத்த குளியலுக்குள் பன்னிரண்டு புதிதாய் ஏறும்.
இப்படியே போனால் கடைசியில்
ஒரு மீனில் எத்தனை நிற்கும்?
காரணம் காட்டுக.

நாற்பது.
எல்லோருக்கும் நாற்பது வந்துவிடுகிறது.
விடைக்கு ஒன்று, படிகளுக்கு இரண்டு.
அந்த இரண்டில் ஒன்று,
பெருக்கும் எண் ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறது,
அதனால் இது எங்கேயோ போய் அடங்கும்
என்று ஒரே ஒரு வரி எழுதியவருக்கு.
அந்த வரிக்குத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

வட்டம் போட்டு, அடியில் இரட்டைக் கோடு இழுத்து,
வெறும் 40.
அதைச் சுற்றி அரைப் பக்கம் வெள்ளை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
அளந்திருப்பாய், தெரிகிறது;
அளந்த படியை எங்கே வைத்தாய்?
கேட்க முகமில்லை, பெயரில்லை. பார்கோடு.
ஒன்று என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

சாயங்காலம் தம்பியிடமிருந்து மூன்று செய்திகள்.
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.
ஆகஸ்டில் கல்யாணம் இல்லை, ஓஸ்லா. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று.

ரஸ்மி அப்படித்தான். யெல் தீவுக் கூண்டுகளில்
பன்னிரண்டு மணி நேரம் பேன் எண்ணுகிறவன்,
பேச்சையும் எண்ணித்தான் செலவழிப்பான்.
ஐல்சா என்ன சொன்னாள், இவன் என்ன சொன்னான்,
ஈஸ்டருக்கு இருவரும் என் சமையலறையில்
கேக்கின் உயரத்துக்குச் சண்டை போட்டுச் சிரித்தார்களே,
அந்த வரிக்கும் இந்த வரிக்கும் இடையில் எத்தனை வரி?
எப்படி என்று ஒரு சொல் அனுப்பினேன்.
பார்த்துவிட்டான். நீல டிக் இரண்டு.

இருநூற்றுப் பதினாறு எல்லாவற்றையும் அடித்துவிட்டிருக்கிறது.
மூலைக்கு மூலை ஒரே கோடு, கோபமான கோடு.
அதன்மேல் வேறெதுவும் எழுதாததால்
கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படிக்க வேண்டும், விதி அது.
படித்தேன். எல்லாம் சரி. காரணம்கூட இருந்தது.
தன் சரியைத் தானே நம்பாத யாரோ ஒரு பிள்ளை.
மூன்றுக்கு மூன்று.
அடித்ததைப் படிக்க விதி உண்டு.
அழித்ததைப் படிக்கத்தான் இல்லை.

இருநூற்றுப் பத்தொன்பதுக்குச் சூத்திரம் மறந்துபோயிருக்கிறது.
12
20.4
26.28
30.396
வாரம் வாரமாக இறங்கி வருகிறது பென்சில்,
ஓரத்தைத் தாண்டி, பக்க எண்ணைச் சுற்றிக்கொண்டு,
இருபதாவது வாரம் வரை.
39.968.
கீழே, ஸ்கேனருக்கு எட்டியும் எட்டாமலும்:
‘ஒவ்வொரு வாரமும் நாற்பதுக்கு இருக்கும் தூரத்தில்
பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சுகிறது.
அதனால் நெருங்கிக்கொண்டே இருக்கும். தொடாது.’

மதிப்பீட்டுக் குறிப்பில் இந்த வாக்கியம் இல்லை.
ஆனால் இது காரணம். கடைந்தெடுத்த காரணம்.
மூன்று போட்டு மேலே அனுப்ப அழுத்தினேன்.
ஒரு பெட்டி திறந்தது:
உங்கள் முடிவை விளக்கவும்.

தட்டினேன், நீக்கினேன், தட்டினேன்.
சரியென்று தெரிகிறது, போதாதா என்று தோன்றியது.
மணி பன்னிரண்டேகால்.
அந்தப் பெட்டிக்குள் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தபோது
மேசையில் போன் வெளிச்சம் போட்டது.

ரஸ்மி பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள்.
12 + 8.4 + 5.88 + ...
என்று எழுதி நாங்கள் வைக்கிறோமே, அதே மூன்று.
நின்றன.
மறுபடி வந்தன.

எழுது, ரஸ்மி.
ஓரத்தில் எழுதினாலும் பரவாயில்லை.